அறையைக் கொடுங்கள், கருப்பொருளைக் கொடாதீர்கள்

2025 நவம்பர் 15ஆம் திகதி, நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 125ஆம் வீதியிலே ஸ்ரூடியோ நூதனசாலை தனது புதிய கட்டடத்தைத் திறந்தது. திறப்பையொட்டி அங்கு வைக்கப்பட்ட காட்சிகளுள் ஒன்று, அந்நிறுவனத்தில் முன்னர் வதிவிடக் கலைஞர்களாக இருந்தோரின் கூட்டுக் கண்காட்சி. 'ஸ்ரூடியோவிலிருந்து: வதிவிடக் கலைஞர்களின் ஐம்பத்தெட்டு ஆண்டுகள்' என்பது அதன் பெயர். நூற்றுக்கு மேற்பட்டோர் தாளிலே செய்த ஆக்கங்கள் அதில் இடம்பெற்றன. அவர்களுள் ஓவியர்கள் பலர். சிற்பிகளும் ஒளிப்படக் கலைஞர்களும் உளர்.

இத்தகைய கூட்டுக் கண்காட்சிகள் மீது மேலைநாட்டு விமர்சகர்கள் வழக்கமாக வைக்கும் குற்றச்சாட்டு, அவற்றுக்குப் பொருள் என்று ஒன்றில்லை என்பதாகும். வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே கூரையின்கீழ் இருந்து வேலை செய்தார்கள் என்பதைத் தவிர இவர்களை இணைப்பது எது? பழைய மாணவர் சங்க இராப்போசனத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இவ்வாறு கேட்பார்கள். நம்மவர் கேட்பது வேறொன்று. கறுப்பின மக்களின் நூதனசாலை என்றதும் நமது நண்பர்கள் ஓர் எதிர்பார்ப்போடு வந்து நிற்கிறார்கள். சங்கிலி வேண்டும், சாட்டை வேண்டும், உயர்த்திய முட்டி வேண்டும். வெறும் நிறப்பரப்பையும் கோட்டுக் குவியலையும் வீட்டு விறாந்தையையும் கண்டவுடன், "இதிலே அவர்களுடைய போராட்டம் எங்கே?" என்று கேட்கிறார்கள்.

முதலாவது கேள்வி சலிப்பூட்டுவது; அவ்வளவுதான். இரண்டாவது கேள்வி தீங்கானது. அதைக் கேட்போர் நமது சங்கங்களின் தலைவர்களாகவும், ஆண்டு மலர்களின் தொகுப்பாசிரியர்களாகவும், மண்டபங்களுக்குப் பணம் கட்டுவோராகவும் இருக்கின்றமையால் அதற்குப் பதில் எழுதவேண்டியிருக்கிறது.

அந்த நூதனசாலையின் பெயரிலிருந்தே தொடங்கலாம். நூதனசாலை என்பது பொதுவாகப் பழம்பொருட்களை வைக்கும் இடம். ஸ்ரூடியோ என்பது ஓவியன் வேலை செய்யும் அறை. இவ்விரண்டையும் ஒரே பெயரில் ஒட்டியதே ஒரு கொள்கைப் பிரகடனம். 1968 செப்ரெம்பரில் ஐந்தாம் அவெனியூவில், மதுபானக் கடையொன்றின் மேல்மாடியிலே வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய அறையில் இது தொடங்கியது. அப்போதுதான் யேல் பல்கலைக்கழகத்திலே தமது பட்டப்பின் படிப்பை முடித்திருந்த ஓவியர் வில்லியம் ரி. வில்லியம்ஸ், வதிவிடக் கலைஞர் திட்டத்தை முன்மொழிந்தார். கறுப்பின ஓவியனுக்கு வேலை செய்ய ஓரிடம் வேண்டும், அந்த இடம் அவனுடைய மக்கள் நடமாடும் வீதியிலேயே இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவரே ஓர் அரூப ஓவியர். கூர்மையான வடிவங்களும் கொதிக்கும் வர்ணங்களும் நிறைந்த பெரும் படங்களை வரைந்தவர். அவருடைய திரைகளில் நீங்கள் சங்கிலியைத் தேடினால் கிடைக்காது.

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை மறந்துவிடலாகாது. 1968 ஏப்ரல் 4ஆம் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவே ஹார்லெம் வீதிகளிலே தீ மூண்டது. அதற்கு ஐந்து மாதங்களின் பின்னர் அதே ஹார்லெமிலே கறுப்பின மக்களுக்கென ஒரு கலை நிறுவனம் திறக்கப்படுகிறது. முதலாவது கண்காட்சியாக அங்கே வைக்கப்பட்டது எது? கிங்கின் உருவப்படமா? இல்லை. டொம் லொயிட் என்பவர் வர்ண மின்குமிழ்களைக் கொண்டு, ஒரு பொறியியலாளரின் துணையோடு அமைத்த ஒளிச் சிற்பங்கள். குமிழ்கள் எரிந்தன, அணைந்தன, நிறம் மாறின. உருவம் இல்லை, செய்தி இல்லை. வந்தவர்களிற் பலர் முகஞ்சுளித்தார்கள். இது என்ன கறுப்பினக் கலை என்று கேட்டார்கள். கோபத்துக்கு நியாயமிருந்தது, துக்கம் ஆறாத வீடு அது. ஆனால் நிறுவனத்தார் பின்வாங்கவில்லை. 2025இல் புதிய கட்டடத்தைத் திறந்தபோதும் அதே டொம் லொயிட்டின் ஒளிச் சிற்பங்களைத்தான் மீண்டும் ஏற்றினார்கள். ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின்னரும் அன்றைய தெரிவை அவர்கள் மறைக்க விரும்பவில்லை என்பது எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது.

அக்காலத்து மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1969 ஜனவரியில் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை, ஹார்லெமைப் பற்றி ஒரு பெருங்கண்காட்சி நடத்தியது. 'என் மனதில் ஹார்லெம்' என்பது அதன் பெயர். பெரிதாக்கப்பட்ட ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள், எழுத்துப் பலகைகள் எல்லாம் இருந்தன. ஹார்லெமிலே வாழ்ந்து வரைந்துகொண்டிருந்த ஓர் ஓவியனின் படமேனும் இருக்கவில்லை. ஓவியர்கள் பதாகைகளோடு வாசலிலே நின்றார்கள். ஒரு மக்கள்கூட்டத்தின் துயரமும் வரலாறும் காட்சிப்பொருளாகலாம், அம்மக்களிடையே தோன்றிய ஓவியனுடைய கைவேலை ஆகாது என்பதே அந்த மண்டபம் சொன்ன செய்தி. நம்மவர் கேட்கும் 'போராட்டம் எங்கே' என்ற கேள்வி, நல்லெண்ணத்தோடு கேட்கப்பட்டாலும், அந்த மெற்றோபொலிற்றன் மண்டபத்துக்குள்தான் கொண்டுபோய் விடும். அங்கே விடயம் முக்கியம், வரைபவன் வேண்டாதவன்.

ஹார்லெமிலே ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ மூவர் தெரிவுசெய்யப்படுகிறார்கள். பதினொரு மாதங்கள் வரை வேலை செய்ய அறை, ஓர் உதவித்தொகை, முடிவிலே ஒரு கண்காட்சி. கட்டடம் 2018இல் மூடப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்ட காலத்திலும் இதை நிறுத்தவில்லை. ஆண்டிறுதிக் கண்காட்சிகளை மோமா பி.எஸ். 1 என்னும் மண்டபத்திலே இரவலாக நடத்தினார்கள். ஆபிரிக்க வம்சாவளியினராக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. எதை வரைவது என்பதற்கு நிபந்தனையில்லை.

அதனால் விளைந்தது என்ன? கெஹிண்டே வைலி 2001-2002இல் அங்கே இருந்தார். ஹார்லெம் வீதியிலே கசங்கிக் கிடந்த ஒரு தாளை எடுத்தார். காவல்துறையினர் தேடும் ஓர் இளைஞனின் முகம் அதிலே இருந்தது. பழைய ஐரோப்பிய அரசவை ஓவியங்களில் பிரபுக்கள் நிற்கும் தோரணையில் வீதி இளைஞர்களை வரையத் தொடங்கியதற்கு அந்தத் தாளும் ஒரு தொடக்கம். பின்னர் பராக் ஒபாமாவின் உத்தியோகபூர்வ உருவப்படத்தை வரைந்தவர் அவரே. அது 2018இல் திறந்துவைக்கப்பட்டது. வைலியின் பிந்திய படங்களிலே தொழிற்சாலை வாடை அடிக்கிறது என்பது எனது அபிப்பிராயம். அது இங்கே முக்கியமன்று.

ஜோர்டன் காஸ்டீல் 2015-2016இல் இருந்தவர். நூதனசாலையைச் சூழவுள்ள வீதிகளிலே நடைபாதை வியாபாரிகளையும் கதிரை போட்டு உட்கார்ந்திருப்போரையும் கண்டு பேசி, படமெடுத்து, பெரிய அளவிலே வரைந்தார். இங்கே வைலியின் பகட்டு இல்லை. மனிதர் தம்பாட்டிலே இருக்கிறார். ஓவியர் அவரைப் பார்க்கிறார்.

இவர்களுக்கு நேரெதிரே ஜூலி மெஹ்ரெற்று. எதியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலே பிறந்து, 1977இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் பெயர்ந்தவர். 2000-2001இல் ஹார்லெம் அறையில் இருந்தவர். நகர வரைபடங்களையும் கட்டட வரைவுகளையும் அடுக்கடுக்காக இட்டு, அவற்றின்மேல் சிறு கோடுகளைப் புழுதிப் படலம்போலப் பரவவிடுவார். அதில் மனிதர் எவரும் இல்லை. ஆனால் ஊரை விட்டுப் பெயர்ந்த ஒருவனுக்கு அந்தக் கோடுகள் எங்கே ஓடுகின்றன என்பது விளங்கும் என்றே நினைக்கிறேன். இப்படத்தைப் பார்த்துப் 'போராட்டம் எங்கே' என்று கேட்பவர், கேட்டுவிட்டு மண்டபத்தின் சிற்றுண்டி மேசைக்குப் போகலாம்.

நைஜீரியாவிலிருந்து சென்ற ஜிடெக்கா அகுன்யிலி குரொஸ்பி 2011-2012இல் அங்கே இருந்தார். அவர் தாளிலேயே பெரும் படங்களைச் செய்பவர். குடும்ப ஒளிப்படங்களையும் நைஜீரியச் சஞ்சிகைப் படங்களையும் கரைசல்கொண்டு தாளுக்கு மாற்றி, அவற்றைச் சுவராகவும் தரையாகவும் உடையாகவும் ஆக்குவார். படத்திலே இருப்பது ஒரு வரவேற்பறை, ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. புலம்பெயர்ந்த வாழ்வை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன படங்கள் அண்மைக்காலத்திலே அதிகமில்லை. ரொரன்ரோவிலோ பாரிஸிலோ தொடர்மாடி வீடொன்றில் அம்மாவின் பழைய படத்தைச் சுவரிலே மாட்டி வைத்திருக்கும் எந்தத் தமிழருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

இவர்கள் நால்வரையும் ஒரே கண்காட்சிக்கு அழைத்து, 'கறுப்பினத்தவர் துயர்' என்று தலைப்பிட்டால், மூவர் பொய்யராவர். 'இந்த அறையில் இருந்தவர்கள்' என்று தலைப்பிட்டால் நால்வரும் உண்மையானவர்கள். பொருளில்லை என்று விமர்சகர் குறைகூறும் கண்காட்சி வடிவத்தின் நேர்மை இதுதான். அது ஓவியனின் சார்பாக எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 2001இல் இதே நூதனசாலையில் தெல்மா கோல்டன் 'ஃபிரீஸ்டைல்' என்ற பெயரிலே இருபத்தெட்டு இளங்கலைஞர்களின் கண்காட்சியை நடத்தி, 'கறுப்புக்குப் பிந்திய' என்னும் சொற்றொடரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. சொற்றொடர் எனக்கு உவப்பானதன்று. இனவெறி முடிந்துவிட்டதென்று பொருள்கொள்ள அது இடந்தந்தது. ஆயினும் அதன் பின்னால் இருந்த கோரிக்கை நியாயமானது: கறுப்பின ஓவியன் என்று அழைக்கப்படும்போதே அவனது படத்தின் உள்ளடக்கமும் தீர்மானிக்கப்பட்டுவிடலாகாது என்பதே அது.

குறைகளையும் சொல்லவேண்டும். முன்னாள் வதிவிடக் கலைஞர்களின் கண்காட்சி எதுவானாலும் அது வென்றவர்களின் கண்காட்சியாகவே அமைய நேர்கிறது. விண்ணப்பித்துத் தெரிவாகாதோரும், அறைக்கு வந்தும் பின்னர் தூரிகையைக் கைவிட்டோரும் சுவரிலே இல்லை. சந்தையின் கையும் இதிலே உண்டு. கெரி ஜேம்ஸ் மார்ஷல் 1985இல் ஹார்லெம் அறையில் இருந்தவர். அவருடைய 'கடந்த காலங்கள்' என்ற ஓவியத்தை 1997இல் சிக்காகோவின் பொதுநிறுவனம் ஒன்று 25,000 டொலருக்கு வாங்கியது. 2018இல் அது ஏலத்திலே 21.1 மில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது. ஏலத் தொகை விற்றவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் போகும், வரைந்தவருக்குப் போவதில்லை. சிறுபான்மையினரின் நிறுவனம் வளர்த்தெடுத்த கையைப் பெருஞ்சந்தை அறுவடை செய்கிறது. மேலும், அந்த ஓவியர்களுக்கு அயல் மக்களாக இருந்த ஹார்லெம்வாசிகளிற் பலர், 125ஆம் வீதியின் வாடகை ஏற ஏற அங்கிருந்து அகன்றுகொண்டிருக்கிறார்கள். நூதனசாலையின் புதுக் கட்டடம் அந்த ஏற்றத்தைத் தடுத்துவிடும் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இவை கண்காட்சி மீதும் திட்டத்தின் மீதும் வைக்கக்கூடிய உண்மையான விமர்சனங்கள். 'போராட்டம் எங்கே' என்பது அவற்றுள் ஒன்றன்று.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் புலம்பெயர் நாடொன்றின் அமைப்பிடமிருந்து ஓவியக் கண்காட்சி அறிவித்தல் ஒன்று, பத்திரிகையில் வெளியிடும்படி எனது மேசைக்கு வந்தது. அமைப்பின் பெயர் வேண்டாம். அத்தகைய அமைப்புகள் பல. ஓவியங்கள் தமிழரின் துயரை வெளிப்படுத்துவனவாக அமைதல் வேண்டும். இன்ன அளவில் இருத்தல் வேண்டும். சட்டமிட்டு அனுப்புதல் வேண்டும். அனுப்பும் செலவு ஓவியரைச் சார்ந்தது. ஓவியங்கள் திருப்பி அனுப்பப்பட மாட்டா. தெரிவாகும் ஓவியர்களுக்குச் சான்றிதழ் உண்டு. கருப்பொருள் அவர்களுடையது, செலவு ஓவியனுடையது, படமும் முடிவிலே அவர்களுடையது! நடைபெறும் நாளிலே குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை. பேச்சுக்கள் முடிந்து சுவரைப் பார்க்கத் திரும்பும்போது மண்டபத்தின் நேரம் முடிந்திருக்கும்.

இத்தகைய அழைப்புகளுக்கு வரும் ஓவியங்களை நான் கணிசமாகப் பார்த்திருக்கிறேன். முட்கம்பி, கண்ணீர்த்துளி, உடைந்த பனை, தலைவிரித்த தாய். வரைந்தவர்களிற் சிலர் கைதேர்ந்தவர்கள். தாம் கண்டதை அவர்கள் வரையவில்லை, கேட்கப்பட்டதை வரைந்தார்கள். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, உறவுகளை இழந்து வந்த ஒருவரிடம், உனது துயரை இன்ன அளவு சட்டத்துக்குள் எமக்கு விளங்கும்படி போட்டுத் தா என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்பதை அமைப்பாளர்கள் ஒருகணம் எண்ணிப் பார்த்திருப்பார்களா?

நமது துயரை வரையவே கூடாது என்பது எனது கருத்தென்று எவரும் திரித்துக்கொள்ள வேண்டாம். 2011இல் வெளியான தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் நூல் என் கண்முன் இருக்கிறது. இடம்பெயர்ந்த எண்பது பேரிடம், விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அந்த நடுங்கும் கோடுகளோடு, கட்டடக் கலைஞரின் முறையான வரைபடத்தையும், தமது சித்திரத்தையும் சேர்த்துக் கோவையாக்கினார். கிணறு இங்கே, மாமரம் அங்கே, சாமியறை இதற்குப் பக்கத்தில். இரத்தமில்லை, கண்ணீர்த்துளியில்லை. போரைப் பற்றி வந்த படைப்புகளுள் இதைவிட வலியது அதிகமில்லை. எந்த அமைப்பும் கருப்பொருள் கொடுத்து இதைச் செய்வித்திருக்க முடியாது. வீட்டின் நிலப்படம் துயரமாகுமென்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

நாட்டிலே முன்னுதாரணமே இல்லையென்றும் சொல்வதற்கில்லை. 2000ஆம் ஆண்டிலே கொழும்பில் கலைஞர்களே கூடி அமைத்த 'தீர்த்த', பட்டறைகளையும் வதிவிட வாய்ப்புகளையும் நடத்தியது. 2004இல் சமாதான காலத்தின் இடைவெளியில் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே 'அகம் புறம்' கண்காட்சி நடந்தது. தெற்கிலும் வடக்கிலும் இருந்த கலைஞர்கள் ஒரே சுவரில் வந்தார்கள். கலைஞர்கள் கலைஞர்களுக்காகச் செய்தவை இவை. நமது வர்த்தகப் பிரமுகர்களும் ஆலய பரிபாலன சபைகளும் ஊர்ச் சங்கங்களும் அந்தப் பக்கம் தலைகாட்டியது குறைவு.

ஒரு மறுப்பை இவ்விடத்தில் எதிர்பார்க்கிறேன். அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு நகரசபையும் அறக்கட்டளைகளும் பணம் கொடுக்கின்றன, நாம் எங்கே போவது என்பார்கள். 1968இல் அவர்கள் தொடங்கியது மதுக்கடை மாடியில். மில்லியன்கள் பின்னர் வந்தவை. நம்மிடம் வெற்றிடத்துக்கா பஞ்சம்? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வீதிக்கு வீதி பூட்டிய வீடுகள் இருக்கின்றன. உரிமையாளர் லண்டனில், ரொரன்ரோவில், சூரிச்சில். வருடத்துக்கொருமுறை வந்து, கறையான் தட்டி, வர்ணம் பூசி, மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே சித்திரமும் வடிவமைப்பும் கற்று வெளிவரும் இளைஞர்களும் யுவதிகளும் வீட்டு விறாந்தையிலே, தம்பி தங்கையர் படிக்கும் மேசையின் மூலையிலே வைத்து வரைகிறார்கள். அரச பாடசாலையிலே சித்திர ஆசிரியர் நியமனம் கிடைத்தால் தப்பிப் பிழைத்தார்கள்; கிடைக்காவிட்டால் திருமண மண்டப அலங்காரம்.

மற்றொரு மறுப்பும் வரும்: எதை வரைகிறார்கள் என்று தெரியாமல் எப்படிப் பணம் கொடுப்பது? நூதனமான கேள்வியில்லை. தேர்த்திருவிழாவுக்கு நாதஸ்வரக் கச்சேரி வைக்கும்போது வித்துவான் இன்ன இராகத்தை இத்தனை நிமிடம் வாசிக்கவேண்டுமென்று உபயகாரர் எழுதிக் கொடுப்பதில்லை. ஆளைத் தெரிந்து அழைக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து கேட்கிறார்கள். ஓவியனிடம் மட்டும் முன்கூட்டியே இராகப் பட்டியல் கேட்கப்படுகிறது.

ஒரு நினைவுநாள் கண்காட்சிக்கு மண்டப வாடகை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி, மலர் அச்சு, பிரதம விருந்தினரின் விமானச் சீட்டு என்று செலவாகும் தொகையைக் கூட்டிப் பார்க்க அமைப்பாளர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணக்கறிக்கை அவர்களிடமே உண்டு. அந்தப் பணத்திலே பூட்டிய ஒரு வீட்டைத் திறந்து, இரண்டு ஓவியர்களுக்கு ஓராண்டு அறையும் தாளும் வர்ணமும் உணவும் கொடுக்கலாம். ஆண்டு முடிவிலே அவர்கள் செய்ததை அந்த வீட்டுச் சுவரிலேயே மாட்டலாம். அடுத்த ஆண்டு வேறிருவர். பத்தாண்டின் பின் இருபது பேரையும் ஒன்றாக அழைத்து ஒரு கூட்டுக் கண்காட்சி வைத்தால், அதற்குப் பொருள் எதுவென்று விமர்சகர் கேட்கட்டும். வீட்டின் முகவரியைத் தலைப்பாக எழுதி வையுங்கள்.